வேலை ஆட்டம் காணும்போது: நன்றியும் மனக்கசப்பும் பற்றி ஓர் எளிய விளக்கம்

“இந்தக் காலத்தில வேலை ஒண்டு கையில இருக்கிறதே பெரிய விசயம். அதையும் குறை சொன்னா எப்படி?” மட்டக்களப்பில் 2022-க்குப் பிறகு இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. அந்த ஆண்டு ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. செப்டம்பருக்குள், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பொருள் விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிட்டது. பலருக்குச் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. கடைகளில், ஹோட்டல்களில், தொண்டு நிறுவனங்களில் ஆள் குறைத்தார்கள்.

மிஞ்சியவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறோம். வாய் திறந்து குறை சொன்னால் ‘நன்றி கெட்டவன்’. பேசாமல் இருந்தால் ‘முதலாளிக்கு வால் பிடிக்கிறவன்’. இரண்டுமே பிழையான பேச்சு என்பது என் எண்ணம். நன்றியும் மனக்கசப்பும் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே மனதில், ஒரே நேரத்தில், ஒரே மனேஜர் மேலேயே இருக்கலாம். அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். இதற்கு உளவியலோ முகாமைத்துவமோ படித்திருக்க வேண்டியதில்லை.

தயிரில் இருந்து தொடங்குவோம்

கடையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்குகிறீர்கள். காசைக் கொடுத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். கடைக்காரர் மேல் கோபமும் இல்லை, வீட்டுக்கு வந்து அவரை நினைத்து நெகிழ்வதும் இல்லை. கணக்கு அங்கேயே முடிந்தது. இது கொடுக்கல் வாங்கல்.

பக்கத்து வீட்டு மாமி படுவான்கரையில் தம்பி வீட்டுக்குப் போய்வருகிறார். வெயிலில் பஸ் ஏறி இறங்கி வந்த களைப்போடு, ஒரு கிண்ணம் நிறையத் தயிரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறார். “பிள்ளைகளுக்குக் குடு மகள்.” அதே எருமை, அதே தயிர். ஆனால் இரண்டு கிழமை கழித்து உங்கள் வீட்டில் பலகாரம் சுட்டால் முதல் தட்டு அந்த வீட்டுக்குப் போகும். அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க உங்களுக்குக் கை வராது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் 1968-இல் இதை ஆராய்ந்து, நன்றி எவ்வளவு பலமாக எழும் என்பது மூன்று விசயங்களில் தங்கியிருப்பதாகக் கண்டார்கள். கொடுத்தவர் நம்மை நினைத்துத்தான் கொடுத்தாரா? அவருக்கு அதில் எவ்வளவு செலவு, எவ்வளவு சிரமம்? நமக்கு அது எவ்வளவு பயன்பட்டது? மாமியின் கிண்ணத்தில் மூன்றும் இருக்கின்றன. கடைச் சட்டியில் மூன்றாவது மட்டும்தான்.

நம் சொல்லிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. பழைய தமிழில் ‘நன்றி’ என்றால் ஒருவர் செய்த நன்மை. ‘செய்ந்நன்றி’ என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்த நன்மையை உணர்வதற்கும் அதே சொல் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே ஒருவரை நன்றி கெட்டவர் என்று சொல்லும் முன், அவருக்கு என்ன நன்மை செய்யப்பட்டது என்று கேட்பதுதான் முறை.

சுருக்கமாக: விலை கொடுத்து வாங்கியதற்கு நன்றி பெரிதாக எழாது. நம்மை நினைத்து, சிரமப்பட்டு ஒருவர் தந்ததற்குத்தான் அது தானாக எழும்.

சம்பளம் எந்தத் தயிர்?

சம்பளம் கடைத் தயிர். உழைப்பைக் கொடுக்கிறோம், காசை வாங்குகிறோம். ஆனால் நாம் அப்படிப் பேசுவதில்லை. “முதலாளி சோறு போடுறார்” என்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். அருமையான பழமொழிதான். ஆனால் அந்த முதலாளியின் ஹோட்டல் சமையல்காரர் விடியற்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினால்தான் அந்த உப்பு வாங்கவே காசு வரும். அப்படிப் பார்த்தால் உப்பிட்டவர் இரண்டு பக்கமும் இருக்கிறார்.

அதற்காக வேலைத்தலத்தில் உண்மையான கொடையே இல்லை என்று சொல்லவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, லீவு கேட்கும் முன்னமே “நீங்க போங்க, நான் பார்த்துக்கொள்றன்” என்கிற சுப்பவைசர் இருக்கிறார். தன் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு ஆட்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்த சிறு முதலாளிகளும் இருந்தார்கள். இவை மாமியின் கிண்ணம். ஒரே வேலைக்குள் கடைச் சட்டியும் மாமியின் கிண்ணமும் கலந்து கிடப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

எழுதாத ஒப்பந்தம்

வேலைக்குச் சேரும்போது ஒரு கடிதம் தருவார்கள். அதில் சம்பளம், நேரம், லீவு இருக்கும். அதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒப்பந்தத்திலும் நாம் கையெழுத்துப் போடுகிறோம். ‘நான் இதைச் செய்தால் இவர்கள் எனக்கு அதைச் செய்வார்கள்’ என்று இரண்டு பக்கமும் மனதுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அது. இதை உளவியல் ஒப்பந்தம் என்கிறார்கள். 1960-இல் கிறிஸ் ஆர்ஜிரிஸ் இந்தக் கருத்தை எழுதினார். 1989-இல் டெனிஸ் ரூசோ அதை விரித்து விளக்கினார்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. அதுதான் சீசன். கார்த்திகை, மார்கழியில் மழை. ஹோட்டல் பொடியன்களுக்கு அடிப்படைச் சம்பளம் சிறிது. அறை நிறைந்தால் கிடைக்கும் சேர்விஸ் சார்ஜ் பங்குதான் வீட்டை ஓட்டும். ஆகவே அவர்கள் மனதில் ஒரு கணக்கு இருக்கும்: சீசனில் திருவிழா வந்தாலும் கல்யாணம் வந்தாலும் நான் லீவு கேட்க மாட்டேன், மழைக்காலத்தில் நீங்கள் என்னை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இது எந்தக் கடிதத்திலும் இல்லை. ஆனால் கடிதத்தில் இருப்பதைவிட இதைத்தான் அவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. தொடங்க வேண்டிய சீசன் படுத்துவிட்டது. அடுத்த வருடம் கொரோனா. அப்படியொரு நேரத்தில் ஹோட்டல் எல்லோரையும் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், ‘மூடிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லையே’ என்று கையெடுக்கிறார். மற்றவர், ‘ஐந்து சீசன் மாடு மாதிரி உழைத்தேன், இதுவா பதில்’ என்று குமுறுகிறார். செயல் ஒன்று. இரண்டு பேர் மனதிலும் இருந்த எழுதாத ஒப்பந்தம் வேறு வேறு. ஒருவரின் குணம் நல்லது, மற்றவரின் குணம் கெட்டது என்று இதிலிருந்து முடிவெடுக்க முடியாது.

நம் கிழக்கு மாகாணத்துத் தொண்டர் ஆசிரியர்களை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். பல வருடம் சிறு கொடுப்பனவுக்கு, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல், வகுப்பு எடுத்தவர்கள். அவர்களைக் கரும்பலகையின் முன் நிறுத்தி வைத்தது ‘ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும்’ என்ற எழுதாத வரி. உள்ளூராட்சி சபைகளில் அமைய அடிப்படையில், அதாவது தற்காலிகமாக, வேலை செய்யும் பலரும் அதே வரியை நம்பித்தான் காலையில் எழும்புகிறார்கள்.

சுருக்கமாக: நடந்ததை மட்டும் வைத்து மனக்கசப்பு பிறப்பதில்லை. நடக்கும் என்று நம்பியதற்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள வெடிப்பில் அது முளைக்கிறது.

மூன்றாம் படியில் வெள்ளம்

அடுத்த சொல் வேலைப் பாதுகாப்பின்மை. வேலை போய்விட்ட நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1984-இல் லெனார்ட் கிரீன்ஹாலும் செஹாவா ரோசன்பிளாட்டும் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். ஆபத்தில் இருக்கும் வேலையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று ஒருவர் உணர்வதுதான் அது. ஆபத்து என்பது பாதி. கையாலாகாமை மறுபாதி.

மார்கழி வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் சாமானைத் தூக்கிப் பரணில் வைத்து, பாட்டியை அணைத்துக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். செய்ய வேலை இருக்கிறது. ஆனால் தண்ணீர் மூன்றாம் படியில் நிற்கிற இரவு? ஒருவரும் தூங்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை டோர்ச் லைட்டை எடுத்துப் போய், செங்கல்லில் கீறிய கோடு நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். வேலை போகுமோ என்ற நீண்ட காத்திருப்பு உடலையும் மனதையும் வாட்டுவது, வேலை போனவர் படும் பாட்டுக்குக் குறைந்ததில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாம் படியில் தண்ணீர் நிற்கும்போது எல்லாமே அறிகுறியாகத் தெரியும். மனேஜர் இன்று சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். புது கொம்பியூட்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சாதாரண நாளில் கவனிக்காத சிறு நன்மைகூட அப்போது பெரிதாகத் தெரியும், சிறு அவமதிப்பும் அப்படியே. நன்றி, கசப்பு இரண்டின் ஒலியும் சேர்ந்து கூடுவது இதனால்தான்.

நிம்மதியும் கடனும் நன்றி மாதிரியே இருக்கும்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான். இங்கேதான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம்.

பத்துப் பேரில் நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்குகிறது. “கடவுளே” என்று வருகிறது வாயில். இது நிம்மதி. ஆபத்து விலகியதால் வருவது. உங்களை நினைத்து எவரும் எதையும் தந்திருக்க வேண்டியதில்லை. நாலு நாளில் அந்த நிம்மதி வடிந்துபோகும். முதலாளி அதை நன்றி என்று எண்ணியிருந்தால் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இன்னொன்று கடன்பட்ட உணர்வு. ‘இதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற பாரம்தான் அது. வெள்ளத்துக்கு ஒரு வீட்டில் ஒதுங்கினீர்கள். நல்லாகத்தான் பார்த்தார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு சந்தையில் கண்டாலும் கோயிலில் கண்டாலும், “நாங்க இல்லாட்டி நீங்க அண்டைக்கு எங்க போயிருப்பீங்க” என்கிறார்கள். இதற்குத் தமிழில் அளந்து வைத்த மாதிரி ஒரு பேச்சு உண்டு: செய்ததைச் சொல்லிக் காட்டுவது. சொல்லிக் காட்டக் காட்ட, முதலில் இருந்த நன்றி கரைந்து, பாரம் மட்டும் மிஞ்சும். பிறகு அந்த வீதியாலேயே போக மனம் வராது. உதவி செய்தவர் பதிலுக்கு எதிர்பார்க்க எதிர்பார்க்க, பெற்றவரின் நன்றி குறைந்து கடன்பட்ட உணர்வு கூடுகிறது என்று 2000-களில் வந்த ஓர் ஆய்வும் கண்டது.

“உங்களை வைத்திருக்கிறோமே, அதற்கு நன்றியாக ஓவர்டைம் கேட்காதீர்கள்” என்று கூட்டத்தில் சொல்லும் மனேஜர் நன்றியை வளர்ப்பதாக நினைத்துக்கொள்கிறார். அங்கே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது பயம்.

சுருக்கமாக: நிம்மதி ஆபத்து விலகியதால் வருகிறது. கடன்பட்ட உணர்வு எதிர்பார்ப்பின் பாரத்தால் வருகிறது. நன்றி, கேட்காமல் வருவது.

எவ்வளவு வெட்டினார்கள் என்பதைவிட எப்படி வெட்டினார்கள் என்பது

மனக்கசப்பு என்பது அந்த நேரத்துக் கோபம் மாதிரி ஆறிவிடுவதில்லை. நியாயமில்லாமல் நடத்தப்பட்டோம் என்ற எண்ணம், வெளியே சொல்ல வழியில்லாமல் உள்ளே கிடந்து புளிப்பதுதான் அது. வேலை ஆட்டத்தில் இருப்பவர் வாய் திறக்கப் பயப்படுவார். ஆகவே புளிக்க நல்ல இடம்.

அமெரிக்காவில் ஜெரால்ட் கிரீன்பர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கம்பனியின் இரண்டு தொழிற்சாலைகளில் 10 கிழமைக்குச் சம்பளம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. மூன்றாவதில் குறைப்பு இல்லை. முதல் தொழிற்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, கணக்கைக் காட்டி, ஏன் என்று விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். இரண்டாவதில் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தார்கள். அந்த 10 கிழமையில் இரண்டிலும் பொருட்கள் களவு போவது கூடியது. ஆனால் கால் மணி நேரத்தில் முடித்த இடத்தில்தான் மிக அதிகம். வெட்டிய அளவு ஒன்றே. முடிவு எடுத்த விதமும் அதைச் சொன்ன விதமும் நேர்மையாக இருந்ததா என்பதை நடைமுறை நீதி என்கிறார்கள். அங்கே வேறுபட்டது அதுதான்.

எனக்கு இது புத்தக அறிவு மட்டும் இல்லை. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் வந்து குவிந்த புரொஜெக்ட்களில் ஒன்றில் நானும் இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு வேலை நீடிப்புக் கடிதம். கடிதம் முடியும் கிழமையில் எல்லோரும் கணக்காளரின் மேசை லாச்சியைப் பார்த்துக்கொண்டே நடப்போம். மண்ணிற உறை அதற்குள்தான் இருக்கும். நாலு வருடம் அப்படிப் போனது. கடைசித் தடவை, மார்ச் 28-ஆம் தேதி பின்னேரம், எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். என் முறை வரும்போது மேசையில் ஊற்றி வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. “டொனர் காசு நிற்பாட்டிட்டாங்க, இப்பதான் தெரியும்” என்றார்கள். ஜனவரியிலேயே தெரியும் என்பது பிறகுதான் வெளியே வந்தது. புரொஜெக்ட் ஒரு நாள் முடியும் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். அந்த இரண்டு மாதத்தை எங்களிடமிருந்து ஒளித்ததைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. சொல்லியிருந்தால் பெப்ரவரியில் இரண்டு இடத்துக்காவது விண்ணப்பம் போட்டிருப்பேன்.

தப்பியவர்கள்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் குறைப்புக்குப் பிறகு மிஞ்சுபவர்கள் உற்சாகமாக உழைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கம். 1980-களில் இருந்து ஜோயல் புரொக்னர் போன்றவர்கள் இவர்களை ஆராய்ந்தார்கள். போனவர்களை நியாயமில்லாமல் நடத்தினார்கள் என்று மிஞ்சியவர்கள் உணர்ந்தால், அவர்களுக்கும் நிறுவனத்தின் மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. பக்கத்து மேசைக்காரியின் குடை இன்னும் கொழுவியில் தொங்கும்போது, ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று எப்படி மகிழ்வது? நிம்மதி, குற்ற உணர்வு, கசப்பு மூன்றும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

சட்டம் தருவதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

நம் ஊரில் குழப்பத்தைக் கூட்டுகிற இன்னொரு விசயம் இது. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும். இது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். அதை ஊழியர் சம்பளத்தில் கழிக்க முடியாது.

பணிக்கொடை என்ற பெயரிலேயே கொடை இருப்பதால் பலர் அதை முதலாளியின் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி வீதம் சேர வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதேபோல, 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்தக் கூடாது என்கிறது. ‘ரிசைன் கடிதம் எழுதித் தாங்க, மறுகா பார்ப்பம்’ என்று தாளை நீட்டும்போது கை நடுங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர்கள், அந்தக் கடிதம் தங்கள் சம்மதம் என்று பிறகு காட்டப்படலாம் என்பதை அறிவதில்லை. கையெழுத்துப் போடும் முன் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உரிமையை உரிமை என்று அறிந்துகொண்டால் நன்றி குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. எது சேர வேண்டியது என்று தெரிந்தவருக்குத்தான், அதற்கு மேல் ஒருவர் தந்ததும் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு பக்கத் தாள்

எங்கள் புரொஜெக்ட் முடிந்த கிழமை, சாரதியாக இருந்த அண்ணர் ஒருவரோடு கல்லடிப் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல கோபத்தில் இருந்தார். அதோடு, அந்தக் கோபத்துக்காக வெட்கப்படவும் செய்தார். “நாலு வருசம் சோறு போட்ட இடம் தம்பி, திட்டலாமா?” ஒரு பழைய டைரியில் இருந்து தாளைக் கிழித்து, நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதச் சொன்னேன். சம்பளத்தையும் சேமலாப நிதியத்தையும் எழுதப் போனார். அது உங்கள் உழைப்பு, அதை விடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுதினார்.

இடப்பக்கம்: “மகளுக்கு டெங்கு வந்த இரவு மனேஜர் தன்ட மோட்டார் சைக்கிளைத் தந்தது. பெற்றோலும் அடிச்சுத் தந்தது.”

வலப்பக்கம்: “ஜனவரியில தெரிஞ்சும் சொல்லாதது.” அதன் கீழே, பேனையை அழுத்தி, “அதே மனேஜர்.”

இரண்டில் எதை வெட்டுவது என்று கேட்டார். வெட்ட வேண்டாம் அண்ணே என்றேன். தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.